4 டிபி டிஸ்க் 1678 ஜிபி என்று காட்டினால்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை நாலு வரியில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பர்மாவில் மோல்மேன் ஊரில் கோயில் அலுவலகக் கணினி. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே 80 ஜிபி டிஸ்க். காணிக்கை ரசீது அடிக்கிற புரோகிராமும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதை நம்பித்தான் ஓடுகின்றன, அதனால் கணினியை மாற்ற முடியாது. திருவிழா வீடியோ, பழைய போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துவைக்க ரங்கூனிலிருந்து ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, சாட்டா வயரில் மாட்டியிருக்கிறீர்கள். எக்ஸ்பி அதை 1678 ஜிபி என்கிறது. பக்கத்துக் கடைக்காரர் “டூப்ளிகேட் டிஸ்க், ஏமாந்துட்டீங்க” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா, மீதி இடம் எங்கே போயிற்று, எப்படி மீட்பது என்று கேட்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வது சரியில்லை. அந்த 1678 என்கிற எண்ணே டிஸ்க் தன் அளவைச் சரியாகச் சொல்கிறது என்பதற்குச் சாட்சி.

டிஸ்க் தன் இடத்தை ஜிபி கணக்கில் சொல்வதில்லை. 512 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரித்து, முதலிலிருந்து கடைசி வரை எண் போட்டு வைத்திருக்கிறது. 4 டிபி டிஸ்க் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் செக்டர் எண்ணிக்கை வழக்கமாக 7,814,037,168. பல டிஸ்க்குகளின் லேபிளிலேயே எல்பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இதை அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். எக்ஸ்பி இந்த எண்ணை 32 பிட்டுக்குள் அடக்கப் பார்க்கிறது. 32 பிட்டுக்குள் 4,294,967,296 வரைதான் கணக்கு ஓடும். அதைத் தாண்டினால், பழைய கார் மீட்டர் 99999 முடிந்ததும் 00000-க்குத் திரும்புவது போல, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சம் 3,519,069,872 செக்டர். அதை 512-ஆல் பெருக்கி ஜிபி ஆக்கினால் 1678.02 வருகிறது. டிஸ்க் முழு அளவையும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்டவன் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். போலி டிஸ்க் எப்போதும் கூட்டித்தான் பொய் சொல்லும். 64 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 2 டிபி என்று சொல்லும். உள்ளே 4 டிபி இருந்தும் 1678 என்று குறைத்துச் சொல்கிற போலியை எவன் செய்வான்? சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸ் 7-க்குப் பிந்திய ஏதாவது ஒரு கணினியில் மாட்டிப் பாருங்கள். டிஸ்க்குகளைக் காட்டும் விண்டோஸ் திரையான டிஸ்க் மேனேஜ்மென்டில் 3726 ஜிபி வர வேண்டும். 4000 வராது. டிஸ்க் கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் பெருக்கி விற்கிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. 1 டிபி டிஸ்க் 931 என்றும் 2 டிபி டிஸ்க் 1863 என்றும் தெரிவது இதனால்தான். இந்த வித்தியாசம் கோளாறே அல்ல, அதைச் சரிசெய்யப் போக வேண்டாம்.

நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். பெரிய டிஸ்க் தெரியவில்லை என்றதும் ஸ்குரூ டிரைவரைத் தூக்காதீர்கள், புது வயரும் கார்டும் வாங்கப் போகாதீர்கள். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டிலிருந்து ஓடுகிற புரோகிராம், அதன் திரையில் என்ன அளவு காட்டுகிறது, டிஸ்க் மேனேஜ்மென்டில் என்ன காட்டுகிறது, லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவே பல பேர் நிற்கிறார்கள். டிஸ்க்கின் சொந்தச் சர்க்யூட், மதர்போர்டிலுள்ள கன்ட்ரோலர் சிப், பயாஸ், விண்டோஸின் டிரைவர், அதற்கு மேல் டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று எழுதிவைத்த பார்ட்டிஷன் அட்டவணை, அதற்கும் மேல் என்டிஎஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் எண்ணக் கற்றுக்கொண்டவர்கள். எவர் எங்கே நின்றுபோனார் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

32 பிட் மீட்டர் திரும்புகிற கேஸ்களில் 3 டிபி டிஸ்க் 746 என்று காட்டும், 6 டிபி 1493, 8 டிபி 1308. இந்த எண்களில் ஒன்றைப் பார்த்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படவே வேண்டாம். ஆனால் குற்றவாளி எக்ஸ்பிதான் என்றும் உடனே முடிவு கட்டிவிட முடியாது. விண்டோஸ் 7-இலும் இன்டெலின் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் 10.1-க்கு முந்தியதாக இருந்தால் இதே 746 வரும், டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். பழைய யூஎஸ்பி பெட்டிகளும் டாக்குகளும் இப்படித்தான். புத்தம்புதுக் கணினியில் செருகினாலும் பெட்டிக்குள் இருக்கிற சிப் 32 பிட்டுக்கு மேல் எண்ணாது. அங்கே கணினியைக் குறைசொல்லிப் பயனில்லை, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் வரும். உங்கள் 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 7 கணினியில் மாட்டி, எந்த வகைப் பார்ட்டிஷன் அட்டவணை வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா என்று அது முதலில் கேட்கிற கேள்விக்கு எம்பிஆர் என்று பதில் சொல்லிவிட்டீர்கள் என்றால், அங்கே 2048 ஜிபி ஒரு கட்டமாகவும் மீதி 1678 ஜிபி இன்னொரு கட்டமாகவும் தெரியும். அந்த இரண்டாவது கட்டத்தில் வலது கிளிக் செய்தால் புது வால்யூம் போடும் வசதி மங்கலாகிக் கிடக்கும். மறுபடியும் அதே 1678! கணக்கு ஒன்றுதான், இடம்தான் வேறு. எம்பிஆர் என்பது 1980-களில் டாஸ் காலத்தில் வந்த பார்ட்டிஷன் அட்டவணை. ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் அதில் 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 4,294,967,296 செக்டரை 512-ஆல் பெருக்கினால் 2,199,023,255,552 பைட். கடையில் 2.2 டிபி தடை என்று சொல்வது இதைத்தான். அதைத் தாண்ட ஜிபிடி என்கிற புது அட்டவணை வேண்டும், அதில் எண்கள் 64 பிட். விண்டோஸ் விஸ்டா தொடங்கி எல்லாம் ஜிபிடி டிஸ்க்கைப் படிக்கும், எழுதும். 32 பிட் விண்டோஸ் 7-கூடப் படிக்கும். 32 பிட் எக்ஸ்பிதான் படிக்காது. டிஸ்க் முழுவதும் பூட்டிய ஒரே கட்டமாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஜிபிடி என்றால் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள புது மதர்போர்டு வேண்டும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டும் என்றால்தான் யூஇஎஃப்ஐ தேவை. வேறு சின்ன டிஸ்க்கிலிருந்து பூட் செய்து, பெரியதை வெறும் சரக்கு அறையாக வைத்துக்கொள்வதென்றால் பழைய பயாஸே போதும். விண்டோஸ் எழுந்த பிறகு டிரைவர் நேராக டிஸ்க்கிடம் பேசிக்கொள்ளும், பயாஸ் ஒதுங்கிவிடும். பயாஸ் திரையில் அளவு தப்பாக வந்தாலும் கவலைப்படாதீர்கள். ஒன்றிரண்டு பழைய போர்டுகள் பெரிய டிஸ்க்கைக் கண்டதும் அங்கேயே உறைந்து நின்றுவிடும், அப்போது மட்டும்தான் பயாஸ் ஒரு பிரச்சினை. லினக்ஸ் இதைவிடத் தாராளம். பழைய பயாஸ் கணினியிலேயே, டிஸ்க்கின் தொடக்கத்தில் 1 எம்பி அளவுக்கு ஒரு தனி பூட் பார்ட்டிஷன் ஒதுக்கிக் கொடுத்தால், லினக்ஸை எழுப்புகிற கிரப் 2 புரோகிராம் ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே எழுந்துவிடும்.

இனி 137 ஜிபி தடை. உங்கள் டிஸ்க் இதைத் தாண்டி வந்துவிட்டது. ஆனால் பகோ, தட்டோன் பக்கம் அலுவலகங்களில் இன்னும் ஓடுகிற கணினிகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சாட்டாவுக்கு முந்திய பழைய ஐடிஇ இணைப்பு முறையில் செக்டர் எண்ணுக்கு 28 பிட்தான். 268,435,456 செக்டர், அதாவது 137.4 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. 2001 வாக்கில் 160 ஜிபி டிஸ்க் வந்தபோது 48 பிட்டுக்கு மாற்றினார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இலிருந்துதான் இந்த 48 பிட் உண்டு. விண்டோஸ் 2000-இல் சர்வீஸ் பேக் 3 போட்ட பிறகும் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்பிக்எல்பிஏ என்ற மதிப்பைக் கையால் 1 ஆக்க வேண்டும். விண்டோஸ் 98-ஐ மறந்துவிடுங்கள்.

விண்டோஸ் கணக்கில் 149 என்று வர வேண்டிய 160 ஜிபி டிஸ்க் 128 ஜிபி என்று தெரிந்தால் 21 ஜிபி நஷ்டம், அவ்வளவுதானே என்று தோன்றும். நஷ்டம் அதுவல்ல. வேறொரு கணினியில் முழு 160-க்கும் ஒரே பார்ட்டிஷன் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்து சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியில் மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் அட்டவணை 160 என்கிறது, விண்டோஸும் நம்பிவிடுகிறது. மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே நடக்கும். டிஸ்க் நிறைந்து 137-ஐத் தாண்டி முதல் ஃபைலை எழுதுகிற அன்று, எண் சுற்றித் திரும்பி டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் எழுதிவிடும். அங்கே இருப்பது பார்ட்டிஷன் அட்டவணையும் ஃபைல் பட்டியலும். மறுநாள் கணினியைத் திறந்தால் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். இப்படி வந்த டிஸ்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொண்டுவருகிறவர் வைரஸ் என்று சொல்லித்தான் கொண்டுவருவார். ஆகவே எக்ஸ்பி என்றால் மை கம்ப்யூட்டர் பிராப்பர்டீஸில் சர்வீஸ் பேக் எத்தனை என்று முதலில் பாருங்கள். 3 என்று இருந்தால் நிம்மதி. பழைய எக்ஸ்பி சிடியை வைத்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்கள் முதலில் 30, 40 ஜிபிக்கு மட்டும் சின்னதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு, சர்வீஸ் பேக் 3 ஏற்றி முடித்த பிறகு மீதிக்குப் பார்ட்டிஷன் போட வேண்டும்.

பயாஸே 137-க்கு மேல் தெரியாத போர்டு என்றால், பயாஸ் அப்டேட் கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் பயாஸ் ஃபிளாஷ் செய்வது எனக்குப் பிடிக்காத வேலை. பாதியில் போனால் போர்டு செத்தது. அதைவிட பிசிஐ சாட்டா கார்டு ஒன்று போடுவது மேல். சிலிக்கான் இமேஜ் 3112, 3114 சிப் உள்ள கார்டுகள் பழைய சாமான்களோடு இன்னும் கிடைக்கின்றன. அந்தக் கார்டில் சொந்தமாக ஒரு பயாஸ் இருக்கும், மதர்போர்டை எதிர்பார்க்காது.

அதற்கும் முந்திய தடைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 504 எம்பி என்று நின்றால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற 486 காலத்துக் கணக்கு. 7.8 ஜிபி என்றால் அதே கணக்கில் ஹெட் மட்டும் 255 ஆனது. 32 ஜிபியில் நின்றாலோ, டிஸ்க்கைத் தேடும் திரையிலேயே கணினி உறைந்தாலோ, 1999-க்கு முந்திய அவார்டு பயாஸ் ஆக இருக்கலாம். டிஸ்க்கின் பின்பக்கம் அளவை 32-க்குக் குறைத்துக் காட்டும் ஜம்பர் மாட்டியிருக்கவும் கூடும். வேறு கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அந்த ஜம்பரை முதலில் பாருங்கள். ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கடைசியில் அந்தச் சின்ன பிளாஸ்டிக்கில் வந்து நிற்பவர்கள் உண்டு.

எண்ணே வரவில்லை, டிஸ்க் இருப்பதாகவே தெரியவில்லை என்றால் கதை வேறு. அங்கே மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். காதை வைத்துக் கேளுங்கள். சுற்றும் சத்தம் வருகிறதா? 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பதினைந்து, இருபது வருஷம் ஓடிய பவர் சப்ளையில் கெபாசிட்டர் உப்பியிருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நிற்கும். ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த கணினி என்றால் பின்னால் சிவப்பு சுவிட்ச் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சே இல்லாமல் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் லைனில் நேராகச் செருகவே கூடாது.

சுற்றவே இல்லை என்றால் இன்னொரு வினோதம் இருக்கிறது. புதிய பெரிய டிஸ்க் சிலவற்றில், முக்கியமாக யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்தவற்றில், சாட்டா பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்துகொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் செத்ததாகவே நினைப்பீர்கள். நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் போட்டால் உடனே சுற்றும், ஏனென்றால் அந்த வயரில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. அந்த வயர் வாங்கும்போது பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்ததை வாங்காதீர்கள், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு எரிந்தவை பல. பின்மூடியைக் கழற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சுற்றுகிறது, ஆனாலும் பயாஸில் வரவில்லையா? போர்டில் வியா விடி8237 அல்லது விடி8237ஆர் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு 1.5 ஜிகாபிட் வேகம் மட்டும்தான் தெரியும், வேகமான டிஸ்க்கோடு பேச்சு ஒத்துவராமல் நின்றுவிடும். பழைய சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் வேகத்தை 1.5-க்கு இறக்க ஒரு ஜம்பர் இருந்தது. புது டிஸ்க்குகள் பலவற்றில் அது இல்லை, அங்கேயும் பிசிஐ கார்டுதான் வழி. உங்கள் கணினி டிஸ்க்கைக் கண்டுபிடித்துவிட்டதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறையிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். எக்ஸ்பியில் அதற்கு டிரைவர் கிடையாது, நீலத் திரையில் 7பி என்று போட்டு நின்றுவிடும். அதோடு பயாஸ் செட்டிங் அடிக்கடி மாறிப்போகிறது, தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது என்றால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லாத இடத்தில் அந்தப் பேட்டரிக்குத்தான் வேலை அதிகம்.

சரி, உங்கள் 4 டிபிக்கு வருவோம். எக்ஸ்பியிலேயே முழு இடத்தையும் காட்ட வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒரு வழி, சில வெளி யூஎஸ்பி பெட்டிகள் செய்கிற தந்திரம். அவை செக்டரை 512-க்குப் பதில் 4096 பைட் என்று கணினிக்குச் சொல்லும். 32 பிட்டுக்குள் அடங்கும் எண்ணிக்கை மாறாது, ஆனால் ஒவ்வொன்றும் எட்டு மடங்கு பெரிதாகிவிடுவதால் எம்பிஆரிலேயே 16 டிபி வரை போகலாம், எக்ஸ்பியும் முழுதாகப் பார்க்கும். இதில் ஒரு பொறி உண்டு. நாளைக்குப் பெட்டி கெட்டு, டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக சாட்டாவில் மாட்டினால், டிஸ்க் மறுபடி 512 கணக்கில் பேசும். பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதியது எதுவும் பொருந்தாது, ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். டேட்டா அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆமாம் என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள், அதே வகைப் பெட்டி கிடைத்தால் எல்லாம் திரும்பி வரும். அந்தக் காலத்தில் டிஸ்க் கம்பெனிகள் கொடுத்த மென்பொருளும் உண்டு, 2.2 டிபிக்கு மேலுள்ளதை இன்னொரு டிஸ்க் மாதிரி எக்ஸ்பிக்குக் காட்டும். நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன். அந்த மென்பொருள் இல்லாத கணினியில் அந்தப் பகுதியைப் படிக்க முடியாமல் போய்விடும்.

1678-ஐயே ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை செய்யும். ஆனால் பாதிக்கு மேல் வீண். பின்னால் யாராவது அதை வேறு கணினியில் மாட்டிப் பார்ட்டிஷனைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், மேலே 137 ஜிபிக்குச் சொன்ன விபத்து மாதிரிதான் முடியும்.

என் தீர்மானம் இது. அந்த டிஸ்க்கை அந்தக் கணினியில் போடவே வேண்டாம். யோசித்துப் பாருங்கள், திருவிழா வீடியோ எல்லாம் இப்போது ஃபோனில் எடுத்த ஹெச்டி. பென்டியம் 4 அதை ஓட்டவே திணறும். பார்க்க முடியாத கணினியில் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும்? கடையில் மாற்றித் தருவார்கள் என்றால் 4 டிபி ஒன்றைக் கொடுத்துவிட்டு 2 டிபி இரண்டு வாங்குங்கள். எக்ஸ்பி ஒவ்வொன்றையும் 1863 ஜிபி என்று முழுதாகக் காட்டும், ஜிபிடி பேச்சே இல்லை. ஒன்றில் வைத்ததை இன்னொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, அந்த இரண்டாவதை அலுவலகத்தில் வைக்காமல் தலைவர் வீட்டில் வையுங்கள். பழைய திருவிழா வீடியோ போனால் திரும்ப எடுக்க முடியாது. ஒரே டிஸ்க்கில் இருப்பதைச் சேமிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது 4 டிபியாக இருந்தாலும் சரி. அந்த 2 டிபி டிஸ்க்குக்கும் எக்ஸ்பியில் பார்ட்டிஷன் போடாதீர்கள். எக்ஸ்பி 63-ஆவது செக்டரிலிருந்து தொடங்கும். உள்ளே 4096 பைட்டாக வேலை செய்கிற இன்றைய டிஸ்க்குகளுக்கு அது கோணலாக விழுந்து எழுதும் வேகம் குறையும். விண்டோஸ் 7-க்குப் பிந்தியது ஒன்றில் என்டிஎஃப்எஸ் ஆகப் போட்டுக்கொண்டு வந்து மாட்டுங்கள்.

மாற்றித் தரமாட்டார்கள் என்றால் 4 டிபியை வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் கோர் 2 டுவோ அல்லது பழைய ஐ3 ஒன்று வாங்கி, விண்டோஸ் 7-ஓ லினக்ஸோ போட்டு, இதை ஜிபிடி டிஸ்க்காக அதில் மாட்டுங்கள். கட்டளைகளை டைப் செய்து டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் புரோகிராமான டிஸ்க்பார்ட்டில் வேலை செய்பவர் என்றால் லிஸ்ட் டிஸ்க் கொடுத்து அளவைப் பார்த்து டிஸ்க் எண்ணை உறுதிசெய்த பிறகுதான் கிளீன் கொடுக்க வேண்டும். அது எந்தக் கேள்வியும் கேட்காமல் துடைத்துவிடும். கன்வர்ட் ஜிபிடி கொடுத்த பின் மறுபடி லிஸ்ட் டிஸ்க் போட்டால் ஜிபிடி பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி வரும், அதுதான் அடையாளம். ரசீதுக் கணினியிலிருந்தும் இந்த டிஸ்க்கை எட்ட வேண்டும் என்றால் நெட்வொர்க் வயரில் இரண்டு கணினியையும் இணைத்து ஷேர் செய்யலாம். நெட்வொர்க் வழியாகப் போகும்போது செக்டர் எண்ணுவது அந்தப் பக்கத்துக் கணினியின் வேலை, எக்ஸ்பிக்கு எந்தத் தடையும் தெரியாது. ஆனால் எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்கிற பழைய ஷேரிங் முறை மட்டும்தான். அண்மைக்கால விண்டோஸும் லினக்ஸும் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை மூடி வைத்திருக்கின்றன, கையால் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் அந்த இரண்டு கணினியையும் இன்டர்நெட்டில் விடாதீர்கள்.

டிஸ்க்கை நம்புவதற்கு முன் ஒரு தடவை முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சின்ன இலவச புரோகிராம் போதும், லினக்ஸில் எஃப்3. 2.2 டிபியைத் தாண்டி எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. யூஎஸ்பி 2.0 வழியாகச் செய்தால் நொடிக்கு 30, 35 எம்பிதான் வரும், 4 டிபி எழுத மட்டும் ஒன்றரை நாள் ஆகும். மோல்மேனில் ஒன்றரை நாள் தொடர்ந்து கரன்ட் இருக்குமா! நேரடி சாட்டாவில் மாட்டி யூபிஎஸ் வைத்துச் செய்யுங்கள். பிறகு வீடியோக்களைக் காப்பி செய்யும்போதும் சாதாரண காப்பி, பேஸ்ட் வேண்டாம். ரோபோகாப்பி, ஆர்சிங்க் மாதிரி, நின்ற இடத்திலிருந்து தொடரக்கூடியதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அலுவலகத்தில் கவலைப்பட வேண்டிய டிஸ்க் புது 4 டிபி அல்ல, அந்தப் பழைய 80 ஜிபி. ரசீது புரோகிராமும் அத்தனை வருஷக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன, அதைச் செய்து கொடுத்தவர் இன்று கிடைப்பாரா என்பதே சந்தேகம். இந்த வாரமே டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் குளோன்ஜில்லா சிடி ஒன்று போட்டு அதை அப்படியே ஒரு இமேஜ் எடுங்கள். இமேஜைப் புது டிஸ்க்கில் வையுங்கள், இன்னொரு பிரதி பென் டிரைவில். குளோன்ஜில்லா லினக்ஸில் ஓடுவதால் உங்கள் பென்டியம் 4-இலேயே ஜிபிடி போட்ட 4 டிபி டிஸ்க்கை முழுதாகக் காட்டும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தாலும் குளோன்ஜில்லா இமேஜை 4 ஜிபிக்கு உட்பட்ட துண்டுகளாக வெட்டி எழுத ஒரு தேர்வு உண்டு, அதைப் பார்த்துக் கொடுங்கள். எடுத்த இமேஜை வேறு ஒரு பழைய டிஸ்க்கில் இறக்கி, அதை மாட்டி, ஒரு ரசீது அடித்துப் பாருங்கள். அதில் ஏதாவது தகராறு வந்தால், திரையில் வருகிற செய்தியை அப்படியே ஒரு போட்டோ எடுத்து எழுதுங்கள்.